தோண்டும் முன் கொஞ்சம் பார்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நிலத்தடி நீர் ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பல உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



"பேசுங்க சார், ஆனா எங்களுக்குப் புரியற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கருவியும் கேபிளுமாக ஊர் ஊராக அலைந்தவனுக்கு இந்த நிபந்தனை கொஞ்சம் கஷ்டம்தான். முயற்சி செய்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பூங்கா மைதானத்தின் ஈசானிய மூலையில் சங்கத்தின் செலவில் 200 அடிக்கு ஒரு பொது போர்வெல் போடலாம் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. போன கோடையில் லாரி தண்ணீருக்கு நாம் கொடுத்த பணத்தை நினைத்தால் யாருக்கும் கை தானாகத் தூக்கும். வாஸ்துவுக்கும் அந்த மூலை பொருத்தம் என்று சொல்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.

அந்த மைதானம் எப்படி மைதானம் ஆனது என்பதுதான் என் கவலை. முதலில் வீடு கட்டி வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது ஒரு குட்டை. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம் கேட்கும். பிறகு லாரிகள் வந்தன. வீட்டுக் குப்பை, கட்டட இடிபாடு, எங்கிருந்தோ வந்த பட்டறைக் கழிவு எல்லாம் அதில் விழுந்தன. இரவில் டிரம்கள் இறங்கியதைப் பார்த்ததாகச் சொல்பவர்களும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். நிரம்பியதும் மேலே செம்மண் கொட்டிச் சமன் செய்தார்கள். இப்போது அங்கே நம் பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

கீழே என்ன இருக்கிறது, எத்தனை அடி ஆழத்துக்கு இருக்கிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்பது நம்மில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே அதற்குள் துளை போடப் போகிறோம்.

ஒரு பழைய கதை

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. அமெரிக்காவில், நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கும் அதே ஊரில், லவ் கனால் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. இதில் லவ் என்பது காதல் இல்லை, வில்லியம் லவ் என்பவரின் பெயர். 1890-களில் அவர் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட கால்வாய் அது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்ற ரசாயன கம்பெனி அந்தப் பள்ளத்தில் ஏறத்தாழ 20,000 டன் கழிவைக் கொட்டியது. பிறகு மண் போட்டு மூடி, 1953-ல் ஒரே ஒரு டாலருக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970-களில் நல்ல மழை பெய்த வருஷங்களுக்குப் பிறகு வீடுகளின் அடித்தளத்தில் கறுப்பாகக் கசிய ஆரம்பித்தது. 1978 ஆகஸ்டில் அவசர நிலை அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அங்கே லாய்ஸ் கிப்ஸ் என்ற பெண்மணி இருந்தார். அவருடைய மகன் அந்தப் பள்ளியில்தான் படித்தான். விஞ்ஞானப் படிப்பு இல்லாத இல்லத்தரசி. குடியிருப்பவர்களைச் சேர்த்து, நம்மைப் போலவே ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம் தொடங்கினார். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன உடம்பு என்று கேட்டு, தெரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். புள்ளிகள் கால்வாயைச் சுற்றி வட்டமாக விழவில்லை, கோடு கோடாக விழுந்தன. ஊரில் வயதானவர்களைக் கேட்டபோது, அந்தக் கோடுகள் எல்லாம் எப்போதோ தூர்த்துப்போன பழைய ஓடைகளின் தடம் என்று தெரிந்தது. அதிகாரிகள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1980-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே விரிவான ஆய்வு நடத்தியது. அதில் மண் மாதிரி, தண்ணீர் மாதிரியோடு, நிலத்தைத் தோண்டாமல் உள்ளே பார்க்கும் புவி இயற்பியல் முறைகளையும் பயன்படுத்தினார்கள். ரேடார், மின்காந்தக் கருவி எல்லாம் புதைந்த கழிவைத் தேடும் வேலைக்கு வந்தன. அந்த முறைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டிகாக்‌ஷனும் டி.டி.எஸ். மீட்டரும்

குப்பை மேல் மழை பெய்தால் என்ன ஆகும்? ஃபில்டரில் காபித்தூள் மேல் வெந்நீர் ஊற்றினால் கீழே டிகாக்‌ஷன் இறங்குகிறதே, அதுதான் ஆகும். மழைநீர் குப்பைக்குள் இறங்கும்போது உப்பு, அம்மோனியா, இரும்பு, வேறு உலோகங்கள், அழுகலில் உண்டாகும் அமிலங்கள் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு அடியில் வடிகிறது. இதைக் குப்பைச் சாறு என்று வைத்துக்கொள்வோம். குப்பை ஓரிடத்தில் கிடக்கும், சாறு கிடக்காது. நிலத்தடி நீரோடு சேர்ந்து நகரும்.

உங்கள் வீட்டில் ஆர்.ஓ. சர்வீஸுக்கு வரும் பையன் பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் வைத்து, "சார், டி.டி.எஸ். இவ்வளவு" என்பான். அந்தப் பேனா உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. உப்பு ஏற ஏற மின்சாரம் சுலபமாகப் போகும்.

இதே வேலையை மொத்த மைதானத்துக்கும் செய்வதுதான் மின்தடை ஆய்வு. போர் போடும் முன் நாலு கம்பி அடித்து மெஷின் வைத்துப் பார்ப்பார்களே, பலரும் பார்த்திருப்பீர்கள். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாகப் பூமிக்குள் மின்சாரம் செலுத்துவார்கள். உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தம் எவ்வளவு என்று அளப்பார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் மின்சாரம் இன்னும் ஆழமாகப் போய்வரும். 1912 வாக்கில் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பெர்ஜர் தொடங்கிவைத்த வழி இது. இன்றைக்கு ஒரே கேபிளில் 48 கம்பிகளை வரிசையாக மாட்டிவிட்டால் கருவியே மாற்றி மாற்றி அளந்து, கேக்கை வெட்டி நிறுத்தியது போலக் கீழே உள்ள அடுக்குகளைக் கலரில் காட்டும்.

எண்களைத் தோராயமாகச் சொல்கிறேன். காய்ந்த மணலில் பல நூறு ஓம்-மீட்டர் வரும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் என்றால் ஐம்பது, நூறு. களிமண் பத்து, இருபது. குப்பைச் சாறு ஊறிய இடத்தில் பெரும்பாலும் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். கடல் நீர் 0.2 தான். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோக்கைட் பாறை உடையாமல் கெட்டியாக இருந்தால் ஆயிரங்களில் நிற்கும்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். கம்பி வரிசை எவ்வளவு நீளமோ, அதில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு ஆழம்தான் தெரியும். நம் மைதானத்தில் 100 மீட்டர் வரிசை போட்டால் 16 முதல் 20 மீட்டர் ஆழம் வரை பார்க்கலாம். 200 அடி முழுக்கத் தெரியாது. ஆனால் குப்பை எங்கே முடிகிறது, அதற்குக் கீழே களிமண் இருக்கிறதா, சாறு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அது போதும்.

எந்தக் கருவி எதற்கு

அந்த டிரம்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால் காந்தமானி. பூமியின் காந்தப்புலம் நம் பகுதியில் சுமார் 40,000 நானோடெஸ்லா. புதைந்த இரும்பு டிரம் அதைச் சற்றே கலைக்கும். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாக நடந்தால் அந்தக் கலக்கம் பதிவாகும். ஆனால் இரும்பு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டிக் கேனில் எது இருந்தாலும் காந்தமானிக்குத் தெரியாது.

மின்காந்தக் கருவிக்குக் கம்பி நட வேண்டாம். இரண்டு முனையிலும் சுருள் வைத்த நீளமான குழாய் போல இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும், மைதானம் முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பரவலாக நிறுவனங்கள் வைத்திருக்கும் ஒரு வகைக் கருவி சுமார் 6 மீட்டர் ஆழம் வரை பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மர், கம்பி வேலி பக்கத்தில் போனால் மட்டும் குழம்பிவிடும்.

நில அதிர்வு முறை என்று இன்னொன்று. தரையில் சம்மட்டியால் அடித்து, அதிர்வு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. குப்பை பொதபொதவென்று இருப்பதால் அதில் அதிர்வு மெதுவாகப் போகும். குப்பையின் தடிமன் தெரியும். மேலே கட்டடம் கட்டினால் தாங்குமா என்பதற்கும் இது உதவும்.

ரேடார் பற்றிப் பல பேருக்கு ஆசை இருக்கும். யூடியூபில் பார்த்திருப்பீர்கள், படம் அழகாக வரும். காய்ந்த மணலில் 10 மீட்டர்கூடப் பார்க்கும், உண்மைதான். ஆனால் உப்பேறிய ஈரக் களிமண்ணில் ரேடியோ அலை சீக்கிரமே செத்துப்போகும், ஒரு மீட்டர்கூடத் தாண்டாமல் போகலாம். நாம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். இங்கே யாராவது ரேடார் மட்டும் வைத்து எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஏமாறக்கூடிய இடம்

மின்தடை ஆய்வில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. குப்பைச் சாறு இருந்தாலும் எண் குறையும், சதுப்புக் களிமண் இருந்தாலும் குறையும், உவர் நீர் இருந்தாலும் குறையும். கலர் படத்தில் மூன்றும் ஒரே நீலமாகத்தான் தெரியும். படத்தைக் காட்டி "எல்லாம் விஷம்" என்று பயமுறுத்தவும் முடியும், "இது இயற்கையான உப்புதான்" என்று மழுப்பவும் முடியும். இரண்டையும் நான் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, குப்பையே விழாத இடத்தில், உதாரணமாக நம் கோயில் பக்கத்துக் காலி மனையில், அதே மாதிரி ஒரு வரிசை எடுத்து ஒப்பிடுவது. இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திய பிறகு நிலம் எவ்வளவு நேரம் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கூடவே அளப்பது. உலோகத் துண்டுகள் கலந்த குப்பை பெரும்பாலும் பிடித்து வைத்திருக்கும், வெறும் உப்புத் தண்ணீர் சட்டென்று விட்டுவிடும். மூன்றாவது, சந்தேகம் வந்த இடத்தில் சின்னத் துளை போட்டுத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது. இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் முடிவாகாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கருவிகள் எதுவும் விஷத்தைப் பார்ப்பதில்லை. டி.டி.எஸ். மீட்டர் எப்படி ஈயத்தையும் பூச்சிமருந்தையும் தனியாகக் காட்டாதோ, அப்படித்தான் இவையும். பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவும் கரைப்பான்கள் தண்ணீரில் கலந்தால் மின்தடை மாறவே மாறாமல் இருக்கலாம். கிருமியும் தெரியாது. அதனால் படம் சுத்தமாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று இவை நமக்குச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அது பெரிய உதவி. கண்ணை மூடிக்கொண்டு இருபது துளை போடுவதற்குப் பதிலாக, சரியான இடத்தில் மூன்று துளை போட்டால் போதும்.

துளையே பாதையாகும்

இப்போது ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன்.

குட்டை ஏன் குட்டையாக இருந்தது? அடியில் களிமண் இருந்ததால்தான் தண்ணீர் நின்றது. அந்தக் களிமண்தான் இன்றைக்கு வரை குப்பைச் சாற்றைக் கீழே விடாமல் ஓரளவு தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஊடுருவி 200 அடிக்கு போர் போட்டு, கேஸிங் குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காமல் விட்டால், மேலே இருக்கும் சாறு குழாய் ஓரமாகவே கீழே இறங்கும். அடியில் உடைந்த பாறை இடுக்குகளில் இருக்கும் தண்ணீரைத்தான் நம் தெருவில் பாதிப் பேர் சொந்த போரில் எடுக்கிறோம். சங்கத்தின் பணத்தில் நாமே அதற்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். பிறகு திரும்ப எடுக்க முடியாது.

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளில் பயோமைனிங் நடப்பதைச் செய்தியில் படிக்கிறோம். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பது நல்ல காரியம். ஆனால் குப்பையை அள்ளினாலும், அத்தனை வருஷம் மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கியது கூடவே வந்துவிடாது. பெருங்குடி மேட்டை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில் வாழும் நாம் நம் சின்ன மைதானத்தையாவது கவனிக்க வேண்டும்.

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை நிரப்பும் இடம் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன. நாம் தலைகீழாக, குப்பை நிரப்பிய இடத்துக்கு நடுவிலேயே கிணறு போடப் பார்க்கிறோம்.

போன மாதம் நான் பார்த்தது

சும்மா பேசக் கூடாது என்று போன மாதம் என் மீட்டரை எடுத்துக்கொண்டு பல வீடுகளுக்குப் போனேன். கதவு திறந்து காபி கொடுத்த அனைவருக்கும் நன்றி. மைதானத்தை ஒட்டிய எல்லா வீட்டிலும் டி.டி.எஸ். அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மேற்குப் பக்கம் மைதானத்துச் சுவரை ஒட்டிய வீட்டிலேயே தண்ணீர் பரவாயில்லை. ஆனால் தெற்கே இரண்டாம் குறுக்குத் தெருவில் வளைந்து வளைந்து எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டில் பக்கெட் அடியில் செந்நிறமாகப் படிகிறது, லேசாக நாற்றமும் இருக்கிறது.

வரைபடத்தில் குறித்து, நம் நகரில் முதலில் வீடு கட்டி வந்த மாமியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வழியாத்தானேப்பா குட்டை ரொம்பினா தண்ணி வெளியே போகும். வாய்க்கால் இருந்தது. உனக்குத் தெரியாது, நீ அப்புறம் வந்தவன்."

எனக்கு லவ் கனால் ஞாபகம் வந்தது.

இது நிரூபணம் இல்லை. உவர் நீராக இருக்கலாம், செப்டிக் டேங்க் கசிவாக இருக்கலாம். ஆனால் தூர்ந்துபோன வாய்க்காலில் மணலும் இடிபாடும் நிரம்பியிருக்கும். சுற்றியுள்ள களிமண்ணைவிட அது தண்ணீருக்குச் சுலபமான வழி. மின்தடை ஆய்வு அந்த மாதிரித் தடத்தை நன்றாகவே காட்டும்.

என் வேண்டுகோள்

போர்வெல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில், செலவில்லாத வேலை. ஒவ்வொரு வீட்டிலும் போர்வெல்லின் ஆழம், போட்ட வருஷம், தண்ணீரின் நிறம், வாசனை, டி.டி.எஸ். ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மூத்த உறுப்பினர்கள் குட்டையும் வாய்க்காலும் இருந்த இடத்தை வரைந்து காட்டுங்கள். பழைய போட்டோ இருந்தால் அதுவும் உதவும்.

அடுத்து, ஐந்தாறு வீட்டுத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். டி.டி.எஸ். மட்டும் போதாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், குளோரைடு 250, நைட்ரேட் 45, ஈயம் 0.01 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இவற்றோடு இரும்பு, குரோமியம், கிருமிச் சோதனையும் கேட்போம்.

மூன்றாவதாக, மைதானத்திலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் புவி இயற்பியல் ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறைகள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம். தனியார் வந்தால் கொட்டேஷன் வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே முறையா, இரண்டு முறைகளா? குப்பை இல்லாத இடத்திலும் ஒரு வரிசை எடுப்பீர்களா? கலர் படத்தோடு அளந்த எண்களையும் எங்களிடம் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அவர் வேண்டாம்.

அதன் பிறகு போர்வெல் எங்கே, எத்தனை அடி, கேஸிங் எப்படி என்று முடிவு செய்வோம். ஈசானிய மூலையே சரியாக வந்தால் முதலில் கை தூக்குபவன் நான்தான்.

இதனால் ஒரு கோடை தள்ளிப் போகலாம். லாரிக்கு இன்னும் கொஞ்சம் செலவாகும், எனக்கும் வருத்தம்தான். வேறொரு பயமும் உங்களுக்கு இருக்கும் என்று தெரியும். "இந்த ஆய்வு விஷயம் வெளியே தெரிந்தால் ஃபிளாட் விலை போகுமா?" என்று ஒருவர் என்னைத் தனியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. வீடுதான் நம் ஒரே சேமிப்பு. ஆனால் விலை பயந்து நாம் பார்க்காமல் இருந்தாலும் கீழே நகர்வது நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணீரில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நாமும் நம் பிள்ளைகளும்தான்.

படிவம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நிரப்பத் தெரியாதவர்கள் மாலையில் மைதானத்து பெஞ்சுக்கு வாருங்கள், நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தை ஆய்வு முடியும்வரை ஒத்திவைக்க ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.